"ஆயிற்று" என்ற சொல்

குரு இல்லாமல் கற்ற வித்தைக்கு ஒரு குணம் உண்டு. வேலை நடக்கும், ஏன் நடக்கிறது என்று யாராவது கேட்டால்தான் தொண்டை அடைக்கும். நான் வர்த்தகம் படித்தவன். புரோகிராம் எழுத நானாகவே கற்றுக்கொண்டு, அதிலேயே பத்து வருஷம் சோறும் தின்றுவிட்டேன். கம்ப்யூட்டரின் உள்ளே எட்டிப் பார்க்க அவசியம் நேரவில்லை.

நேர்ந்தது 2016-ல். எனக்குப் பழக்கமான மளிகைக் கடையில் ஒரு மூட்டை அரிசி குறைந்தது. கடனுக்குக் கொடுத்ததாகவும், பில் போட்டதும் திரையில் "ஆயிற்று" என்று வந்ததாகவும், மறுகணமே மின்சாரம் போனதாகவும் கல்லாப் பையன் சத்தியம் செய்தான். கணக்கில் அந்தப் பில்லே இல்லை. வாங்கிப் போனவரோ ஊரில் இல்லை. "மனுஷன் பொய் சொல்வான், மெஷின் சொல்லுமா?" என்றார் முதலாளி. புரோகிராம் வேறு யாரோ எழுதியது. ஆனால் பையனின் பிழைப்பல்லவா அந்தக் கேள்வியில் தொங்கியது!

ஆபரேட்டிங் சிஸ்டம் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் பிரித்தேன். பட்டதாரிகள் படித்துவிட்டு மறந்துபோகிற ரகம். நாலாவது இரவு விஷயம் அகப்பட்டது. "எழுது" என்று புரோகிராம் சொன்னால், ஆபரேட்டிங் சிஸ்டம் அதை வாங்கி மெமரியில் வைத்துக்கொண்டு, உடனே "ஆயிற்று" என்றுவிடுகிறது. டிஸ்க் மந்தமானது, ஒவ்வொரு வரிக்கும் அங்கே ஓடினால் கட்டுப்படியாகாது. பிறகு சாவகாசமாகத்தான் எழுதும். அந்தக் கடையில் இருந்த லினக்ஸில் சாதாரணமாக 30 வினாடி வரை அப்படிக் கிடக்கலாம். பத்திரிகை ஆபீஸ் வாசலில் நம் கதையை வாங்கிக்கொண்டு, "கொடுத்தாச்சு சார்" என்கிறார்களே, அந்த மாதிரி! டிஸ்க்கில் சேர்ந்த பிறகே பதில் சொல் என்று வற்புறுத்த 'எஃப்சிங்க்' என்று தனிக் கட்டளை உண்டு. கடைப் புரோகிராமில் அது இல்லை.

முதலாளியின் எதிரிலேயே ஒரு பில் போட்டு, "ஆயிற்று" வந்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி போட்டபோது பில்லைக் காணோம். அவர் பையனின் முகத்தைப் பார்க்காமல், மூன்று காபி வாங்கி வரச் சொன்னார். நம் ஊரில் மன்னிப்பு அந்த ரூபத்தில்தான் வரும்.

அதன் பிறகு அந்தச் சாஸ்திரத்தை நான் விடவில்லை. 2018-ல், போஸ்ட்கிரெஸ் என்ற பிரசித்தமான டேட்டாபேஸை ஆக்கும் நிபுணர்களே திகைத்துப்போனார்கள். எஃப்சிங்க் ஒரு தடவை தோற்றால் மறுபடி கேட்கலாம் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். லினக்ஸோ இரண்டாம் தடவை, எழுதாததையும் எழுதியதாகச் சொல்லிவிடக் கூடுமாம்! 2019-ல், முதல் தோல்வியிலேயே டேட்டாபேஸ் நின்றுவிடும்படி மாற்றினார்கள். பட்டமில்லாத எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டானதை மறைப்பானேன்?

கடைப் புரோகிராமைத் திருத்தியாகிவிட்டது. பையன் மட்டும் கடன் பில்லைப் பென்சிலால் ஒரு நோட்டிலும் குறித்துக்கொள்கிறான். முதலாளி கேலி செய்கிறார். நான் செய்வதில்லை.