பெரிய எழுத்துப் புத்தகம்

எங்கள் காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்கும் கைபேசிக்கும் பஞ்சமில்லை. கதைப் புத்தகம் வேண்டுமென்றால் நெய்வேலிக்குப் பேருந்து ஏறுவதே என் வழக்கம். பழுப்பு நிலக்கரி நிறுவனம் அங்கே 1998-இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி, பலாப்பழ வாசம் இன்னும் அடங்காத ஜூலை மாதத்தில் கூடுவது. அங்கு ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பிள்ளை படக்கதையைத் தொடும். தந்தை பொது அறிவு நூலை எடுத்து நீட்டுவார்.

என் மகள் தொட்டது இரும்புக்கை மாயாவியை. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த அதே நாயகன். தமிழ் கற்பிப்பவர் வீட்டில் இதுவா என்று உடன்வந்த நண்பர் முகஞ்சுளித்தார். வாங்கிக் கொடுத்தேன்.

கைபேசியை வசைபாட எனக்கு மனம் வருவதில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் கதவு திறந்தது. என் மகளுக்கு அகரம் அறிமுகமானதே அந்தச் சின்னத் திரையில்தான். பள்ளிக்கூடம் என்று நாமே கையில் கொடுத்ததை, மறு ஆண்டே பேயென்று பிடுங்கினால் பிள்ளை என்ன நினைக்கும்?

தனியே, வாய்திறவாமல் வாசிப்பது நம்மில் பலருக்கும் பிற்காலத்துப் பழக்கம். நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் ‘பெரிய எழுத்து’ப் பதிப்புகளாக ஊரூராகச் சென்ற காலத்தில், எழுத்தறிந்த ஒருவர் விளக்கடியில் இராகமிட்டு வாசிக்க, சுற்றியிருந்தோர் கேட்டனர். கூடத்தில் எல்லோரும் தொடர் பார்த்திருக்க, “நீ போய்ப் படி” என்று குழந்தையை மட்டும் உள்ளறைக்கு அனுப்பினால், புத்தகம் அதற்குத் தண்டனையாகத்தான் படும்.

என் தாயாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. தொடர்களைக்கூடக் காதால்தான் கேட்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், விளம்பர இடைவேளையில் ஒலியைக் குறைத்துவிட்டு, மகள் அவருக்கு இரண்டு பக்கம் வாசிக்கிறாள். முதலில் மாயாவி, பிறகு பள்ளியில் கிடைக்கும் வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள். அவற்றின் படிநிலைகளுக்கு நுழை, நட, ஓடு, பற என்று பெயர் சூட்டியவர் எவரோ, நல்ல தமிழறிந்தவர். எழுத்துக்கூட்டித் தடுமாறும் இடங்களில் பாட்டி அவசரப்படுத்துவதில்லை. பாடத்தை முடித்தாக வேண்டிய எங்களுக்கு வாய்க்காத பொறுமை அது. ழகரம் வழுக்கினால் மட்டும் விடமாட்டார்.

இடைவேளை இப்போது நீண்டுகொண்டே போகிறது. தொடர் மீண்டும் தொடங்கியதை எவரும் கவனிக்காத இரவுகளும் உண்டு. சென்ற வாரம் மகள் சலித்துப்போய் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டாள்.

“கிணற்றுக்குள் விழுந்தவன் எப்படியடி வெளியே வந்தான்?” என்றார் பாட்டி.

அவள் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தைப் பின்னால் திருப்பினாள்.