மணல் காத்த ஏடும் மனிதர் காத்த பாட்டும்

மார்கழியில் ராஜபாளையத்துக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தானே, ஆண்டாளைச் சேவித்துவிட்டு வா" என்று தன் பெண்ணையும் கூட அனுப்பி வைத்தாள் அக்கா. பஸ்ஸின் இடப் புறம் மலைத்தொடர் பனியைப் போர்த்திக் கொண்டு கூடவே வந்தது. சரித்திரம் படிக்கும் அந்தப் பெண்ணோ மலையைப் பார்க்கவே இல்லை. சாக்கடலைப் பற்றியே பேசினாள்.

"1947-ல் ஆடு மேய்ப்பவர்கள் கும்ரான் குகையிலே மண்ஜாடிகளைக் கண்டார்களாம், சித்தி. உள்ளே தோலில் எழுதின யூத ஏடுகள்! 1956-க்குள் 11 குகைகளில் கிடைத்தன. சுமார் 2,000 வருஷத்துப் பழசு. ஏசாயா சுருள் மட்டும் 24 அடி!"

"யார் எழுதியது?"

"எஸ்ஸீன்கள் என்ற துறவிக் கூட்டத்தார் என்று பலர் சொல்கிறார்கள். கி.பி. 68-ல் ரோமானியப் படை அந்தக் குடியிருப்பை அழித்துவிட்டது. ஏட்டை ஒளித்து வைத்தவர்கள் திரும்பி வரவேயில்லை."

எனக்கு மனசை என்னவோ செய்தது.

"நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா, சித்தி?"

"வா, காட்டுகிறேன்" என்றேன்.

192 அடிக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனோம். நெடிய குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் நின்றிருந்தார். ஆழ்வார் பாசுரத்தைப் பாடினார், அபிநயம் பிடித்தார், பிறகு பொருள் சொன்னார். முத்துக்குறி என்ற பகுதியில் தாய், மகள், குறத்தி எல்லாம் ஒரே அரையர்தான்!

நாலாயிரப் பாசுரமும் ஒரு காலத்தில் மறைந்து போயிற்று என்பது வைணவ மரபு. குடந்தையில் பத்துப் பாட்டு மட்டும் கேட்ட நாதமுனிகள், மிச்சத்தைத் தேடி ஆழ்வார்திருநகரி வரை போய் மீட்டாராம். இசை கூட்டி மருமகன்கள் இருவருக்குச் சொல்லிக் கொடுத்தாராம். அந்த வழி வந்தவர்களே அரையர்கள்.

பாலைவனத்தின் வறட்சி தோல் ஏட்டைக் கெடாமல் வைத்தது. நம் ஊரிலோ ஈரமும் செல்லும் ஓலையை விடுவதில்லை. தலைமுறைதோறும் ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பார்த்து எழுத வேண்டியிருந்தது. ஒருவர் பிள்ளைக்குப் பாடிக் காட்ட வேண்டியிருந்தது.

இன்று ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற சில தலங்களில், சில குடும்பங்களிடம் மட்டுமே இந்தக் கலை இருக்கிறது. பிள்ளைகள் வேறு உத்தியோகம் தேடிப் போனால்? ஜாடியில் போட்டு வைக்கிற சங்கதியா இது?

திரும்பும்போது பால்கோவாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த மார்கழிக்கும் வருவோம், சித்தி. கேட்க ஆள் இருந்தால்தானே பாடுவார்கள்?" என்றாள்.

நீங்களும் வாருங்களேன்!