ஸ்பீக்கர் வயரும் உப்புக்காத்தும்

ஸ்பீக்கர் வயர் விக்கிறவங்க மாதிரி கதை சொல்ல நம்ம ஊர் வைத்தியராலகூட முடியாது. ஆக்ஸிஜன் இல்லாத செம்பு, வெள்ளி முலாம், மின்சாரம் போற திசைக்கு அம்புக்குறி... ஆல்டர்நேட்டிங் கரண்ட் ரெண்டு பக்கமும்தான் போகும், அப்புறம் எதுக்கு அம்புக்குறின்னு கேக்கப்படாது :-)

மேட்டர் இதுதான். அப்பா ரிட்டயர் ஆன மாதிரி, அதாவது கடலுக்குப் போறதைக் குறைச்ச பிறகு, பாட்டு கேக்க ஹால்ல ஒரு ஆம்பும் ரெண்டு ஸ்பீக்கரும் வைக்கலாம்னு முடிவு. பட்ஜெட் இருபத்தஞ்சாயிரம். ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "வயருக்கு மட்டும் ஒரு எட்டாயிரம் ஒதுக்குடா, இல்லன்னா மத்ததெல்லாம் வேஸ்ட்"னு சொன்னார். மூணுல ஒரு பங்கு காசு. படிச்ச படிப்புக்காவது கணக்கு போட்டுப் பாப்போம்னு உக்காந்தேன். (படிச்சது இங்க கூப்பிடு தூரத்துல இருக்கிற பாண்டிச்சேரி இன்ஜினியரிங் காலேஜ்ல. 2020ல அது பல்கலைக்கழகமா ஆயிடுச்சு.)

வயர் பண்ற ஒரே பெரிய கெடுதல் ரெசிஸ்டன்ஸ். அது ஸ்பீக்கரோட இம்பிடன்ஸ்ல 5 சதவீதத்தைத் தாண்டாம இருந்தா காதுக்கு வித்தியாசம் தெரியறது கஷ்டம்ங்கறது பழைய விதி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம் வரைக்கும் போலாம். கடைக்காரர் "ஒண்ணரை எம்எம்"னு சொல்ற வயர், அதாவது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, கிலோமீட்டருக்கு 13.3 ஓம் தான் அதிகபட்சம். எங்க ஹால்ல தூரமான ஸ்பீக்கருக்கு 10 மீட்டர். போக வர 20 மீட்டர். பெருக்கினா 0.27 ஓம். பாஸ்! 4 ஓம் ஸ்பீக்கர்னா எல்லை 0.2 ஓம் ஆயிடும், அப்ப "ரெண்டரை எம்எம்" வாங்கினா 0.16ல முடிஞ்சிடும். செட்டோட இலவசமா வர்ற நூல் மாதிரி வயர் 0.2 சதுர மில்லிமீட்டர் இருந்தா, அதே தூரத்துக்கு 1.7 ஓம் கிட்ட வரும். அதைத் தூக்கிப் போடுறது நியாயம்தான்.

இதெல்லாம் எங்க சித்தப்பாவுக்குக் கணக்கே போடாம தெரியும். திருவிழாவுக்கு சவுண்டு சர்வீஸ் பண்றவர். தெரு முழுக்க கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார், ஒல்லி வயர்லயே. எப்படின்னா 100 வோல்ட் லைன். 100 வாட்டை 8 ஓமுக்கு நேரா அனுப்பினா மூணரை ஆம்பியர் ஓடும். 100 வோல்ட்டுக்கு ஏத்தி அனுப்பினா ஒரே ஆம்பியர். வயர்ல வீணாகிறது கரண்ட்டோட வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக இழப்பு பன்னிரண்டுல ஒரு பங்குக்குக் குறைஞ்சிடும். அங்கங்க ஸ்பீக்கர்ல ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இறக்கிக் குடுத்துடும். "தம்பி, தூரம்னா வோல்ட்டை ஏத்து, இல்லன்னா வயரைத் தடியாக்கு. மூணாவது வழி கிடையாது"ன்னார். முடிஞ்சது ஆராய்ச்சி.

ஒரு எச்சரிக்கையும் குடுத்தார். "செம்பான்னு பாத்து வாங்கு." அலுமினியத்து மேல செம்பு பூசின வயரும் கடையில கிடைக்குது, பாக்க அச்சு அசல் செம்பு. கடத்தும் திறன் மூணுல ரெண்டு பங்குதான். ஒரு இழையை பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளையா தெரிஞ்சிடும். கையில எடுத்தாலே லேசா இருக்கும்.

உலகத்துல இந்தச் சண்டை ரொம்ப நாளா நடக்குது. 2007ல ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலை போட்ட ஒரு ஸ்பீக்கர் கேபிளுக்கும் சாதா கேபிளுக்கும் வித்தியாசத்தை, எது எதுன்னு தெரியாம கேட்டுச் சொல்லிட்டா பத்து லட்சம் டாலர் தர்றேன்னார். பேச்சு ரொம்ப ஓடிச்சு, சோதனை மட்டும் நடக்கவே இல்ல.

ஆனா பிள்ளைச்சாவடிக்குன்னு ஒரு பிரச்சனை இருக்கு, எந்த விளம்பரத்துலயும் வராதது. உப்புக்காத்து. சைக்கிள் செயின்ல இருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் தின்னுடும். மொட்டையா விட்ட செம்பு நுனி கொஞ்ச நாள்ல கறுத்து, பச்சை பூத்துடும். இணைப்பு கெட்டா நடுவுல எவ்ளோ ஒசத்தி வயர் இருந்தும் புண்ணியமில்ல. அதனால நுனியில லக் வச்சு நல்லா அழுத்தி, திருகை இறுக்கியாச்சு. வருஷத்துக்கு ஒரு தரம் அரை இஞ்ச் வெட்டிட்டு புது நுனி சீவணும். சிவப்பு சிவப்போட, கறுப்பு கறுப்போட சேந்திருக்கான்னும் பாத்துக்கோங்க. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறியிருந்தா பேஸ் காணாமப் போயிடும். இதைச் சரி பண்ண காசே வேணாம்.

நேரு வீதிப் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ரெண்டு கோர் ஃப்ளெக்ஸிபிள், ஒண்ணரை எம்எம், 20 மீட்டர் வாங்கினேன். ரெண்டு ஸ்பீக்கருக்கும் ரெண்டாயிரம்கூட ஆகல.

மாட்டி முடிச்சு பாட்டு போட்டேன். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "தாளம் நல்லா விழுது. வார்த்தைதான் பிடிபடல"ன்னார். முப்பது வருஷம் ஃபைபர் போட்ல டீசல் இன்ஜின் பக்கத்துல உக்காந்த காது. ஜிப்மர்ல ஆடியோகிராம் எடுத்தோம். கோடு கீழ் சுருதியில நேரா போயி, 4,000 ஹெர்ட்ஸ் கிட்ட தடால்னு கீழ இறங்குது. இரைச்சல் தின்ன காதுக்கு அதுதான் அடையாளமாம். ச, த, க மாதிரி மெய்யெழுத்துகளைப் பிரிச்சுக் காட்டுற ஒலி பெரும்பாலும் மேல் சுருதியிலதான் இருக்கு. அதான் வார்த்தை நழுவுது.

அந்தத் தாளைப் பாத்தப்பதான் உறைச்சது. நான் 0.27 ஓமுக்கு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா பல வருஷமா பாதிப் பேச்சை ஊகிச்சே நம்மகிட்ட பேசிட்டு இருந்திருக்கார், ஒரு தடவைகூட சொல்லல. "எதுக்குடா, வயசானா அப்படித்தான்"னு இப்பவும் சொல்றார்.

வயர்ல மிச்சமான ஆறாயிரத்தை காது மெஷினுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன். பத்தாது, மாசாமாசம் சேக்கணும். அதுவரைக்கும் அவர் நாற்காலியை ஸ்பீக்கர்கிட்ட இழுத்துப் போட்டு, ட்ரெபிளைக் கொஞ்சம் ஏத்தி வச்சிருக்கேன். அம்மாவுக்குக் காது கூசுதாம். "நீயும் உங்கப்பனும்"னு திட்டிக்கிட்டே உள்ள போறாங்க. அப்பாவுக்கு அதுவும் காதுல விழல :-)