மொட்டைமாடியில் 1898

இப்போதெல்லாம் ராத்திரியானால் எங்கள் வண்ணார்பேட்டை மொட்டைமாடியில் 1898 நடக்கிறது. மேரி கியூரியின் மூலக் கட்டுரைகளை மொபைலில் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12 அன்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் வைக்கப்பட்ட முதல் கட்டுரை சில பக்கங்கள்தான். அவர் உறுப்பினர் இல்லை; பேராசிரியர் லிப்மன்தான் முன்வைத்தார். யுரேனியம் போலவே தோரியமும் கதிர் வீசுகிறது என்கிறார். அப்புறம்தான் விஷயமே. பிட்ச்பிளெண்ட், சால்கோலைட் என்ற தாதுக்கள் யுரேனியத்தைவிட வீரியமாக இருக்கின்றன. சும்மா விடவில்லை அந்த அம்மா. சுத்தமான வேதிப்பொருட்களைக் கொண்டு சால்கோலைட்டைத் தானே செய்து அளக்கிறார். அதில் அந்த வீரியம் இல்லை! அப்படியென்றால் மண்ணிலிருந்து எடுத்ததில் வேறு எதுவோ ஒளிந்திருக்கிறது. ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். (பொலோனியத்துக்குக்கூட, உறுதியானால் என்ற நிபந்தனையோடுதான் பெயர் வைக்கிறார்கள். நாமாக இருந்தால் டீக்கடையிலேயே அறிவித்திருப்போம்.)

தோரியம் நமக்கு அந்நியமில்லை. மணவாளக்குறிச்சி கடற்கரையின் மோனசைட் மணலில் இருப்பது அதுதான்; அந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். கோயில் கொடையில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேண்டிலிலும் அதுதான்.

பிரெஞ்சு மூலம் பிரான்ஸ் தேசிய நூலக இணையத்தில் இலவசம், ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. வேதியியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஏப்ரல் கட்டுரையை மட்டுமாவது காட்டுங்கள்.