வாழைமட்டையில் ஒரு சடை

நடுக்கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். சித்திரை வெயிலில் வீடே புழுங்குகிறது. காற்று பட்டால் மொட்டு வாடிவிடும் என்று பெரியத்தை உத்தரவு. யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

சாயங்காலம் பெரியத்தையின் தம்பி மகளுக்கு வளைகாப்பு. விடிகாலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து வந்த உதிரி மல்லிகை ஈரத்துணியில் குவிந்து கிடக்கிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் பெரியத்தைக்குப் பொருட்டில்லை. காம்பு நீளமா, இதழ் தடிப்பா, அவ்வளவுதான். இன்னும் சற்று நேரத்தில் வாய் திறந்துவிடும் என்று தோன்றுகிற மொட்டுகளைத் தனியே ஒதுக்குகிறார். அவை சரம் கட்ட. இறுக மூடிய மொட்டு மட்டும் சடைக்கு.

வாழைமட்டையிலும் தேர்வு உண்டு. வெளிமட்டை முரடு, உள்மட்டை தைக்கும்போதே நீர்விட்டு நசுங்கும். நடுவில் ஒன்றை உரித்து, கர்ப்பிணியின் பின்னலை நூலால் அளந்து, அதே நீளத்துக்கு நறுக்கியிருக்கிறார். மேலே நாலு விரல் அகலம், கீழே போகப்போக ஒடுங்குகிறது. முன்பு பின்னலிலேயே நேராகத் தைப்பார்களாம். ஏழு மாத வயிற்றோடு அத்தனை நேரம் யார் உட்காருவது?

மூக்குக்கண்ணாடி ஊசியில் நூல் கோக்க மட்டும். பிறகு அது நெற்றிக்கு ஏறிவிடுகிறது. ஐந்தாறு மொட்டுகளைக் காம்பில் குத்தி ஊசியில் ஏற்றுகிறார். மட்டைக்குக் குறுக்கே படுக்கவைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து, ஓரத்தில் ஒரு குத்து, இழு. இறுக்கினால் நூல் காம்பை அறுக்கும். விட்டால் வரிசை நழுவும். முந்தைய வரிசையின் காம்பை அடுத்த வரிசையின் மொட்டு மூட வேண்டும். நடுவில் கனகாம்பரம், சாய்சதுரமாக. வாசம் இல்லாத பூ. நிறத்துக்காகத்தான் அதற்கு இடம். ஓரத்துக்கு மரிக்கொழுந்து.

"கடையில ஆர்டர் குடுத்திருக்கலாம்ல பெரியத்த. ஒங்களுக்குத்தான் இடுப்பு வலி" என்கிறாள் வளைகாப்புக்காரி.

"கடைக்காரனுக்கு ஒன் முடி எம்புட்டு நீளம்னு தெரியுமா தாயி?"

கடைச் சடையும் அழகுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பல கல்யாணங்களில் பார்த்ததுண்டு: இடுப்புக்குக் கீழே ஒரு சாண் வெறும் மட்டை தொங்க, பெண் நாற்காலியில் சாய முடியாமல் தவிப்பாள்.

சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பத்து வயதுச் சிறுமி, ஸ்டூடியோவின் நிலைக்கண்ணாடி ஓரமாகச் சாய்ந்து நிற்கிறாள். முகம் நேரே, பூச்சடை கண்ணாடியில். கோடை லீவு விட்டால் பெண் பிள்ளைகளுக்குச் சடை தைத்து இப்படி ஒரு படம் எடுப்பது அந்தக் காலத்து வழக்கம். சிறுமி பெரியத்தையேதான்.

"இது யாரு தச்சது?" என்று யாரோ ஒரு வாண்டு கேட்கிறது.

ஊசி நிற்கிறது. "எங்கம்மாவா... பக்கத்து வீட்டு ஆச்சியா... ஞாபகம் இல்லடா."

நாலு மணிக்குள் முடித்தாக வேண்டும். மீண்டும் குத்து, இழு. சவுரி வைத்துப் பின்னிய கூந்தலில் மட்டையைப் பொருத்தி, வாழைநாரால் நாலு இடத்தில் கட்டி, கீழே குஞ்சம் மாட்டியாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் பெண்ணைத் திரும்பி நிற்கச் சொல்லிச் செல்போனில் படம் எடுக்கிறார்கள். பெரியத்தை அடுக்களையில் கலவைச் சாதத்துக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு படத்திலும் அவர் இல்லை.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் கண்ணாடியில் சடை தெரிகிற படம் ஒன்று இருக்கலாம். தைத்தவர் யாரென்று விசாரித்து, படத்தின் பின்னால் பெயரை எழுதி வையுங்கள். கேட்டால் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது.