கண் எங்கே போய் நிற்கும்?

என் அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சாபீஸில் கம்பாஸிட்டர். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் இரவு எட்டு மணிக்கு நகக்கண்ணெல்லாம் கறுப்பாக வருவார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் எங்களைத் தொடுவார். ஈயத்தோடு புழங்கிய கையைச் சோற்றில் வைக்கக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

'என்னடா இது, வீட்டு வைத்தியமும் குழந்தை வளர்ப்பும் படிக்கிற பக்கத்தில் அச்சாபீஸ் கதை அளக்கிறாளே' என்று நினைக்காதீர்கள். விஷயம் உங்கள் வீட்டு மருந்து அலமாரிக்குத்தான் வந்து சேரப் போகிறது.

பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிற வேலை எனக்கு. அஞ்சறைப் பெட்டி மாதிரி, ஆனால் ஏகப்பட்ட அறைகளோடு ஒரு மரத்தட்டு. அறைக்கு ஓர் எழுத்து. எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருக்கும். எழுத்தின் அளவைப் பாயிண்ட் கணக்கில் சொல்வார்கள். ஏறக்குறைய 72 பாயிண்ட் ஓர் அங்குலம். புத்தகத்துக்கு 10, 12. தலைப்புக்கு 24, 36. வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய ஈயத் தகடு செருகுவார்கள். அந்தத் தகடு இல்லாவிட்டால் மேல்வரிக் கொம்பும் கீழ்வரிச் சுழியும் முட்டிக்கொள்ளும்.

தை, மாசி வந்தால் கல்யாணப் பத்திரிகைக் கூட்டம். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். "தாத்தா பேரைப் பெரிசாப் போடுங்க. சம்பந்தி பேரும் பெரிசா இருக்கணும், இல்லாட்டி மனஸ்தாபம். மண்டபத்தையும் பெரிசாப் போட்டுடுங்க!"

அப்பா சிரித்துக்கொண்டே, "எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா யார் பேச்சு ஸார் காதுல விழும்?" என்பார்.

ப்ரூஃப் வந்ததும் அதைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, வந்தவரிடமே கேட்பார்: "படிக்காதீங்க, சும்மா பாருங்க. முதல்ல கண் எங்கே போய் நிக்குது?" மணமக்கள் பெயரில் நின்றால் சரி. அடுத்தது தேதி, அப்புறம் இடம். கண் போய் மாப்பிள்ளையின் சித்தப்பா வாங்கிய பி.ஏ. பட்டத்தில் நின்றால், அத்தனையையும் பிரித்து மறுபடி கோப்பார்.

"இவ்வளவு இடத்தைக் காலியா விட்டிருக்கீங்களே, காகிதத்துக்குக் காசு குடுக்கலையா நாங்க?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அப்பா அசரவில்லை. "இலையில கூட்டுக்கும் பச்சடிக்கும் நடுவுல இடம் விடாமப் பரிமாறினா நீங்க சாப்பிடுவீங்களா ஸார்?" என்றார்.

கலரும் அப்படித்தான். ஒவ்வொரு கலருக்கும் காகிதம் ஒரு தரம் தனியாக மெஷினுக்குள் போய் வர வேண்டும், அதற்குத் தனிச் செலவு. அதனால் சிவப்பு ஒரே ஓர் இடத்தில்தான் வரும், அங்கேதான் கண்ணும் போகும். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் எழுத்துக் கேட்டால் ஒப்பவே மாட்டார். பச்சை மேல் சிவப்பு கேட்டால், "எழுத்து துடிக்கும், கண் வலிக்கும்" என்பார். இரண்டு நிறமும் வேறு வேறு என்பது போதாது. ஒன்று வெளிச்சமாகவும் இன்னொன்று இருட்டாகவும் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் போட்டோ எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிகிற ஜோடி, எழுத்துக்கு ஆகாது.

இதையெல்லாம் நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொள்ளவில்லை. சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்ததில் காதில் விழுந்தது, அவ்வளவுதான். கல்யாணமாகித் திருச்சிக்கு வந்த பிறகு அச்சாபீஸ் ஞாபகமே இல்லை.

2009-ல் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அத்தைக்கு எழுபத்து நாலு, மாமாவுக்கு எண்பது. அத்தைக்கு ரத்த அழுத்தம் மட்டும், மாமாவுக்குச் சர்க்கரை. மாத்திரை விஷயத்தில் அத்தை யாரையும் கிட்ட விடமாட்டார். இரண்டு பேர் மாத்திரையும் அவருடைய பிஸ்கட் டின்னில், அவர் அலமாரியில். இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து ஆபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம். விடியற்காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் மாத்திரை போட்டுக்கொண்டார். அன்று ஏகாதசி, பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை.

எட்டரை மணிக்கு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கை வெடவெடவென்று நடுங்குகிறது. "கமலா வந்தாளா?" என்று எப்போதோ செத்துப்போன தங்கையைக் கேட்கிறார். விழுங்க முடிந்ததால் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் சோதித்தால் ரத்தத்தில் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கியிருக்கிறது. மாமாவின் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வகை மாத்திரையின் வேகம் வயதானவர்களுக்குச் சீக்கிரம் அடங்காதாம். குளுக்கோஸ் ஏற்றி இரண்டு நாள் வைத்துக்கொண்டுதான் அனுப்பினார்கள்.

டாக்டர் இரண்டு அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வெள்ளித்தாள். இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் ஆரம்பம். மாத்திரையும் இரண்டும் வெள்ளை, வட்டம். "பாட்டியை யாரும் கோவிச்சுக்காதீங்கம்மா. கண்ணாடி இல்லாம எனக்கே புரியலை" என்றார்.

அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. இந்த ப்ரூஃபை அவர் பாஸ் பண்ணியிருப்பாரா? தாள் பளபளக்கிறது, விளக்கைப் பார்த்துப் பிடித்தால் எழுத்தே மறைகிறது. உள்ள இடத்தில் பெயர், அளவு, விலை, தேதி, கம்பெனி விலாசம் எல்லாம் ஒரே பொடியில். கண் எங்கேயும் நிற்கவில்லை.

இடத்தை மிச்சம் பிடிக்க எழுத்தைச் சுருக்குவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லைதான். தரங்கம்பாடியில் 1713-ஐ ஒட்டி அச்சுக்கூடம் வைத்த பாதிரிமார்களுக்கு, ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரிதாக இருந்தனவாம். காகிதம் கட்டுபடியாகாது என்று இங்கேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். ஆனால் அது புத்தகம். நிதானமாகப் படிக்கிறவர்களுக்கு. விடியற்காலை இருட்டில் புரை விழுந்த கண்ணோடு பார்க்கிற அட்டைக்கு அந்தக் கணக்குச் செல்லுமா?

வீட்டுக்கு வந்ததும் முதலில் டின்னை இரண்டாக்கினேன். பிறகு ஆளுக்கு ஓர் அட்டை எழுதினேன். வெள்ளையில் கறுப்பு மார்க்கர். எழுத்து ஒன்று என் கட்டைவிரல் நக அளவு. வரிகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. மாத்திரையின் பெயர்தான் முதலில் கண்ணில் பட வேண்டும். எத்தனை, எப்போது என்பது அதன் எதிரே ஒரே நேர்க்கோட்டில். 'சாப்பாட்டுக்கு முன்' என்பதை மட்டும் கட்டம் கட்டினேன். டாக்டர் பெயர், போன் நம்பர் எல்லாம் கோடு போட்டு அடியில்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 'காலை', 'மாலை' என்ற இரண்டு சொல்லையும் எழுதித் தூரத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். மங்கல் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அதனால் 'காலை', 'ராத்திரி' என்று போட்டேன். சொல்லின் நீளமே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, அத்தை சொல்லித்தான் தெரிந்தது. "லை-யை நம்ம பழைய மாதிரி, தும்பிக்கை வெச்சு எழுதேன்டி" என்றார். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது மாறிய 13 எழுத்துக்களில் லை-யும் ஒன்று. நாமெல்லாம் புது எழுத்துக்குப் பழகிவிட்டோம். அத்தையும் பேப்பர் படிக்கிறவர்தான். ஆனாலும் கண் மங்கின பிறகு, சின்ன வயதில் சிலேட்டில் எழுதிய வடிவம்தான் சட்டென்று பிடிபட்டதாம். யாருக்காக எழுதுகிறோமோ அவர் கண்ணைக் கேட்டு எழுதினால் தப்பில்லை. தும்பிக்கையோடேயே எழுதினேன்.

அத்தை டின்னுக்கு மஞ்சள் பேப்பர், மாமா டின்னுக்கு வெள்ளை. நீலமும் பச்சையும் வைக்காததற்குக் காரணம் உண்டு. புரை வளர வளரக் கண்ணின் லென்ஸ் பழுப்பேறி, நீலம் மங்கிப் பச்சையோடும் கறுப்போடும் குழம்பும். அத்தைக்கு ஆபரேஷன் ஆகிக் கட்டுப் பிரித்ததும் முதல் பேச்சு என்ன தெரியுமா? "இந்தப் புடவை நீலமா? இத்தனை நாளாக் கறுப்புன்னு இல்ல நெனச்சேன்!"

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்று அத்தை டின்மேல் ஒரு பூவும், மாமா டின்மேல் ஒரு கைத்தடியும் வரைந்தேன். சில பேருக்கு, முக்கியமாக ஆண்களுக்கு, பிறவியிலேயே சிவப்பு, பச்சை பிரித்தறிய வராது. சாப்பாட்டுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டம் போடுகிறார்கள் அல்லவா? அசைவத்துக்கும் முன்பெல்லாம் பழுப்பு வட்டம்தான். 2020-ல் வந்த விதிப்படி அதை முக்கோணமாக்கிவிட்டார்கள். நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும்.

சில வருஷம் கழித்து என் மகள் ஒரு சேதி சொன்னாள். அமெரிக்காவில் டெபோரா ஆட்லர் என்று ஒரு பெண். நியூயார்க்கில் அச்சு, படம், எழுத்து வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய பாட்டி தாத்தாவின் மாத்திரையைத் தவறிப்போய் விழுங்கிவிட்டாராம்! கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் பெண் அதையே படிப்புக்கான வேலையாக எடுத்துக்கொண்டு மருந்துப் புட்டியின் லேபிளையே மாற்றி அமைத்தாள். அங்கே மருந்துக் கடைக்காரர் மாத்திரையை எண்ணிப் புட்டியில் போட்டு லேபிள் ஒட்டித் தருவார். வழக்கமான உருண்டைப் புட்டியில் படிக்கப் படிக்கச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். இவளுடைய புட்டி தட்டை. மருந்தின் பெயரும் சாப்பிடும் முறையும் பெரிதாக மேலே, ஒரு கோடு, மற்ற விவரமெல்லாம் கோட்டுக்குக் கீழே. வீட்டில் ஆளுக்கு ஒரு கலர் வளையம் புட்டியின் கழுத்தில். 2005-ல் டார்கெட் என்ற பெரிய கடைக்காரர்கள் அதை நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். 2015 கடைசியில் அந்த மருந்துக் கடைகள் வேறு கைக்கு மாறி, அந்தப் புட்டியும் நின்றுபோனது. பழகினவர்கள் ரொம்பக் குறைப்பட்டார்களாம். படமாட்டார்களா பின்னே!

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. பெரும்பாலான மருந்துகளில் கம்பெனி வைத்த பெயரைவிட, மருந்தின் பொதுப் பெயர் இரண்டு அளவாவது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. இனி அட்டையைப் பார்த்தால் பெரிய எழுத்தைப் படியுங்கள். கம்பெனி மாறினாலும் உள்ளே இருப்பது என்ன என்பதை அதுதான் சொல்லும்.

கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஜுரத்துக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் சொட்டு மருந்தாகவும் வருகிறது, சிரப்பாகவும் வருகிறது. ஒரே பெயர், அநேகமாக ஒரே கலர் பெட்டி. ஆனால் பல கம்பெனிகளின் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பிலோ 5 மில்லியில் 125, அதாவது மில்லிக்கு 25தான். நாலு மடங்கு வித்தியாசம்! அதைச் சொல்லுகிற எழுத்து கடுகளவு. டாக்டர் எழுதியது எது என்று கடையிலேயே சரிபாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளை பிளாஸ்திரியைப் புட்டிமேல் ஒட்டி, 'சொட்டு' அல்லது 'சிரப்' என்று பெரிதாகவும், டாக்டர் சொன்ன மில்லி அளவையும் திறந்த தேதியையும் அதன் கீழேயும் எழுதுங்கள். அந்தந்தப் புட்டியோடு வந்த சொட்டுக்குழாய், மூடி தவிர வேறெதிலும் அளக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அனலாய்க் கொதிக்கும்போது, தூக்கக் கலக்கத்தில் நம் கண்ணும் புரை விழுந்த கண்தான்.

மாத்திரை அட்டையிலும் ஒரு சின்ன வேலை. பெயரும் காலாவதித் தேதியும் அச்சான முனை எது என்று பார்த்து, எதிர்முனையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு வாருங்கள். கடைசி மாத்திரை வரைக்கும் பெயர் இருக்கும். கடையில் நாலு மாத்திரை வெட்டி வாங்கினால் பெயர் உள்ள பக்கத்தைக் கேளுங்கள். அவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அந்தப் பெயரையும் தேதியையும் அங்கேயே ஒரு சீட்டில் எழுதி வாங்கி, மாத்திரையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

அத்தை 2016 வரை இருந்தார். டாக்டர் மருந்து மாற்றும்போதெல்லாம் நானும் அட்டை மாற்றுவேன். பழையதில் அடித்துத் திருத்துவது கிடையாது. புது அட்டை, மேலே தேதி. பழையதைக் கிழித்துப் போட்டுவிடுவேன். இப்போது இவருக்கும் சர்க்கரை வந்துவிட்டது. தனி டின், தனி அட்டை, கட்டைவிரல் நக எழுத்து. "நான் என்ன எல்.கே.ஜி. படிக்கிறேனா?" என்று இரண்டு நாள் குதித்தார். மூன்றாம் நாள் டின்மேல் என்ன படம் வரையட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிரிக்கெட் மட்டை போடு" என்றார்.