பெட்டியில் ஓர் எண், உள்ளே வேறு

செகந்திராபாத் பார்க் லேனில் இருக்கும் செனாய் டிரேட் சென்டரை, ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய எவரிடமும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முன்பெல்லாம் வேகம் என்பது கையால் தொட்டு மாற்றுகிற விஷயம். மதர்போர்டில் 'ஜம்பர்' என்று ஒரு சின்னத் தொப்பி இருக்கும். ஒரு முள்ளிலிருந்து கழற்றி இன்னொரு முள்ளில் மாட்டினால் வேகம் கூடும். 1998ல் வந்த செலரான் 300ஏ சிப்பை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டியவர்கள் நண்பர்கள் வட்டத்தில் ஹீரோக்கள். ஓடாமல் போனால் யாரையும் திட்ட முடியாது. விற்றவர் 300 என்று சொல்லித்தான் விற்றிருந்தார்.

இன்று தொப்பியும் இல்லை, முள்ளும் இல்லை. மெமரி வரும் பெட்டியிலேயே வேகம் கொட்டை எழுத்தில் அச்சாகி வருகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் மகள் வீட்டிலிருந்தபடி அனிமேஷன் வேலை செய்கிறாள். பெரிய காட்சிகளுக்கு மெமரி போதவில்லை. ஏற்கனவே இருந்த இரண்டு 32 ஜிபி பட்டைகளோடு அதே கம்பெனியின் இன்னும் இரண்டு சேர்ந்தன. மொத்தம் 128 ஜிபி. நான்கின் பெட்டிகளிலும் 6000 என்று போட்டிருந்தது. கம்ப்யூட்டரோ 3600 என்று காட்டியது. "பயாஸில் ஒரே ஒரு செட்டிங், சார். ஆன் செய்தால் 6000" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னபடியே ஆன் செய்தாள். திரை கறுத்தது. மதர்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. பல நிமிடங்கள் கழித்து உயிர் வந்தது. இரண்டு நாள் ஒழுங்காகவே ஓடியது. மூன்றாவது நாள், மூன்று மணி நேரம் ஓடிய ரெண்டரிங் பாதியில் நின்றது. அது பரவாயில்லை. "அப்பா, நேத்து வாடிக்கையாளருக்கு அனுப்பின ஃபைல் திறக்கவே மாட்டேங்குதாம்" என்று அவள் சொன்னபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மெமரி தவறினால் கம்ப்யூட்டர் எப்போதும் நின்றுவிடுவதில்லை. தவறான எண்ணையே சரியான எண்ணாக நினைத்து டிஸ்கில் எழுதிவைக்கும். சத்தமே இருக்காது. பேக்கப்பிலும் அதே தவறு பத்திரமாக உட்கார்ந்துவிடும்.

உதவிக்கு வந்தவர் பக்கத்துத் தெருவில் ரிப்பேர் பார்க்கும் இளைஞர். "பரேஷான் நக்கோ, சாப்" என்றபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அவரது நிதானம் எனக்குப் பிடித்தது. முதலில் பேட்டரியைக் கழற்றி பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். மதர்போர்டு கம்பெனியின் புதிய பயாஸை ஏற்றினார். பிறகு நான்கு பட்டைகளையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தார். நான்கும் நல்லவை. பழைய ஜோடியை ப்ராஸஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகினார். 6000 ஓடியது. புதிய ஜோடியும் அப்படியே. நான்கும் சேர்ந்தால் மட்டும் மஞ்சள் விளக்கு. 5200க்கு இறக்கினால் விண்டோஸ் வந்தது. ஆனால் ராத்திரி முழுக்க ஓடிய மெம்டெஸ்ட் காலையில் சிவப்பு வரிகளைக் காட்டியது.

ஆக, பழுது என்று எதுவுமே இல்லை. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

ஒவ்வொரு மெமரிப் பட்டையிலும் ஒரு குட்டி சிப் இருக்கிறது. "நான் இந்த வேகத்தில், இத்தனை வோல்ட்டில் ஓடுவேன்" என்ற ஜாதகம் அதில் எழுதியிருக்கும். எல்லோரும் ஒப்புக்கொண்ட பொது ஜாதகம் ஒன்று. டிடிஆர்5 மெமரிக்கு அது பெரும்பாலும் 4800, 1.1 வோல்ட். அதற்கு மேல் தயாரிப்பாளர் தன் பொறுப்பில் எழுதுவது இன்னொன்று. இன்டெல் 2007ல் எக்ஸ்எம்பி என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. ஏஎம்டி 2022ல் எக்ஸ்போ என்றது. 6000க்கான ஜாதகம் பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும். பயாஸில் அந்த 'ஒரே ஒரு செட்டிங்' இந்த இரண்டாம் ஜாதகத்தை நடைமுறைப்படுத்துகிறது.

ஆனால் கல்யாணத்துக்கு இன்னொரு வீட்டார் சம்மதமும் வேண்டுமே. மெமரியை ஆள்கிற கன்ட்ரோலர் இருப்பது ப்ராஸஸருக்குள். என் மகளிடம் இருப்பது ரைஸன் 7000 வரிசை. ஏஎம்டி அதற்கு எழுத்தில் தரும் உத்தரவாதம், இரண்டு பட்டைகள் என்றால் 5200. நான்கு என்றால் வெறும் 3600. பட்டைகள் கூடக் கூட சிக்னல் பலவீனமாகிறது. மெமரிக் கம்பெனி சோதித்ததும் ஒரு பெட்டியில் வரும் ஜோடியைத்தான். இரண்டு பெட்டிகளைச் சேர்த்து அது சோதிப்பதில்லை.

6000 என்பது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அது ஓவர்கிளாக்கிங். இப்படி ஓட்டினால் வாரன்டி போய்விடும் என்று ஏஎம்டி எழுதியே வைத்திருக்கிறது. போய்விடலாம் என்கிறது இன்டெல். ஆக, மெமரி விற்பவர் மதர்போர்டைக் காட்டுகிறார், மதர்போர்டுக்காரர் ப்ராஸஸரைக் காட்டுகிறார், ப்ராஸஸர்காரர் பொடி எழுத்தைக் காட்டுகிறார். மைக்ரானும் ஏஎம்டியும் இதே ஹைதராபாத்தில் பெரிய அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. சிப்பை வடிவமைக்கும் ஊரில் அதை வாங்குபவருக்கு விளக்கம் சொல்ல ஆளில்லை.

கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. செயற்கை அறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, 2025 இறுதியில் விலை கடுமையாக ஏறியது. அந்த டிசம்பரில், வீட்டு உபயோகக்காரர்களுக்கு க்ரூஷியல் பெயரில் விற்பதையே நிறுத்தப்போவதாக மைக்ரான் அறிவித்தது.

முடிவை மகளே எடுத்தாள். நான்கும் இருக்கட்டும், 3600லேயே ஓடட்டும். ரெண்டரிங் சற்று மெதுவாகத்தான் முடிகிறது. ஆனால் அனுப்புகிற ஃபைல் திறக்கிறது. பிழைப்பை நம்பியிருப்பவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. விளையாட்டுக்காக வாங்குபவர்கள் இரண்டே பட்டைகளோடு 6000ஐத் தாராளமாக முயலலாம். ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான்.

பெட்டியின் மேல் 6000 என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம்: கீழேயே 'இரண்டு பட்டைகளுக்கு மட்டும், அதுவும் உங்கள் ப்ராஸஸர் ஒத்துழைத்தால்' என்று ஒரு வரி சேருங்கள். மைச் செலவு ஒன்றும் அதிகமாகிவிடாது.